திராட்சையைத் துளைத்த கொடி

இஸ்னிக்கில் தட்டில் தீட்டும் ஒரு வடிவம் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. கேட்கக் கூடாதென்று எந்த நீதிபதியும் ஆணையிட்டதில்லை. எந்தச் சூளைக் கதவிலும் எழுதி வைத்ததில்லை. ஆனாலும் அந்த ஏரிக்கரை ஊரில் சக்கரம் சுற்றுகிறவர் முதல் தூரிகை பிடிக்கிறவர் வரை அனைவரும் அதற்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். விவரம் அறியாத வெளியூர்க்காரன் எவனாவது ஒரு தட்டைத் தூக்கிப் பிடித்து, விளிம்பில் சுருளும் இந்த அலையை, நடுவில் விரியும் இந்தத் தாமரையை எங்கே பார்த்து வரைந்தீர்கள் என்று கேட்டுவிட்டால் பதில் ஒன்றே ஒன்றுதான்: "எங்க அப்பா கை." அத்தோடு பேச்சு முடிந்தது. சீனம் என்ற சொல்லைத் தெருவில் உரக்கச் சொன்ன உள்ளூர்க்காரனுக்கு மறுநாள் எந்தக் கிடங்கிலும் தட்டு வனையும் கல்மாவு கிடைக்காது. கல்மாவு இல்லாதவனுக்குத் தட்டு இல்லை, சூளை இல்லை, ஊரும் இல்லை.

இவ்வளவும் தெரிந்திருந்தும், பெஹ்ராம் அன்று காலை சந்தைத் தெருவில் கடைக்குக் கடை ஏறி அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தான். அதன் பலன், அவனுடைய மேலங்கியின் இடப்பக்கம் முழுவதும் சொட்டிக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து ஊற்றியவள் ஜன்னலைச் சாத்துவதற்கு முன், "ஐயோ, கை தவறிடுச்சு!" என்று சிரித்தது கீழே நன்றாகவே கேட்டது.

துர்சுன் அங்கியின் நுனியை முகர்ந்து பார்த்தான். "மீன் கழுவின தண்ணி எஃபெந்தி. போன தெருவுல ஊத்துனதை நெனச்சா இது பன்னீர்."

"நீ எனக்கு உதவியாளா, இவங்களுக்கா?"

"இந்த ஊர்ல உங்களுக்கு எதிரியா இல்லாதவன் நான் ஒருத்தன்தான். அதுவும் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. இன்னும் கொஞ்ச நேரம் போனா என்னாலயும் உறுதி சொல்ல முடியாது."

துர்சுன் பெஹ்ராமைவிட மூத்தவன். உருட்டி வைத்த உடம்பு. இதே ஊரின் பட்டறைகளில் மண் சுமந்து, ஒவ்வொன்றிலிருந்தும் வாயின் காரணமாகத் துரத்தப்பட்டவன். எந்தச் சந்து எந்தச் சூளையில் முடிகிறது என்பதை அறிந்தவன் என்பதால், இஸ்தான்புல்லிலிருந்து விசாரணைக்கு அனுப்பப்பட்ட பெஹ்ராம் அவனைச் சேர்த்துக்கொண்டான். வாயையும் சேர்த்துத்தான் கொள்ள வேண்டியிருந்தது.

வழக்கு இதுதான். நீலத்தில் திராட்சைக் குலைகள் வரைந்த சீனத்துத் தட்டு ஒன்று, அரண்மனைப் பாத்திரசாலையிலிருந்து மாதிரிக்காக வர்தானின் பட்டறைக்கு வந்திருந்தது. அதைப் பார்த்து வர்தான் செய்த தட்டுகள் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தன. மாதிரித் தட்டு மட்டும் போகவில்லை. வசந்தத்திலேயே, கல்மாவுக் கிடங்கின் சாவியை வைத்திருக்கும் சங்கத் தலைவர் ஹைதர் உஸ்தாவிடம் கொடுத்துவிட்டதாக வர்தான் சொன்னான். தன் கைக்கு வரவே இல்லை என்றார் ஹைதர். வர்தான் ஆர்மீனியக் கிறிஸ்தவன், முஸ்லிமான ஹைதருக்கு எதிராக அவனுடைய சொல் நீதிமன்றத்தில் நிற்காது. இருந்தும் நீதிபதி இரண்டு நாள் தயங்கினார்.

அந்தத் தயக்கத்தைத் தீர்த்து வைத்தவன் பெஹ்ராம்தான்.

சந்தையில் விற்கும் திராட்சைத் தட்டுகள் அனைத்திலும் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒரு மெல்லிய கொடி இறங்கியது. வர்தானின் பட்டறையில் மிஞ்சியிருந்த தட்டில் மட்டும் அந்தக் கொடி இல்லை. நேற்று பெஹ்ராம் நீதிபதியின் முன் நின்று, தன் கூர்மையில் தானே மகிழ்ந்து, வாதத்தை அடுக்கினான்: ஊரே வரைந்திருக்கும் கொடி, மூலத்தை வீட்டில் வைத்திருந்தவன் தட்டில் இல்லையென்றால், அவன் மூலத்தைப் பார்த்து வரையவில்லை. எப்போதோ விற்றுவிட்டு, நினைவிலிருந்து வரைந்து அனுப்பியிருக்கிறான். வாங்கியவனிடமிருந்து ஊர் அதைப் பார்த்துக்கொண்டது. நீதிபதி தலையசைத்தார். கப்பலில் துடுப்பு இழுக்க அனுப்பும்படி தீர்ப்பாயிற்று. இன்று நடுப்பகல் தொழுகை முடிந்ததும் அரண்மனைத் தூதனின் குதிரைக்குப் பின்னால் சங்கிலியில் கட்டி இழுத்துப் போவார்கள்.

தீர்ப்பைக் கேட்ட வர்தான் ஏதோ சொல்ல வாய் திறந்தான். காவலன் அந்த வாயில் குத்தினான். சொல்லாமல் போன அந்த ஒரு வாக்கியம்தான் பெஹ்ராமை இரவெல்லாம் புரட்டியது.

* * *

வர்தானை நீதிமன்றத்துக்குப் பின்னாலிருந்த குதிரை லாயத்தில் கட்டியிருந்தார்கள். உதடு வீங்கியிருந்தது. பெஹ்ராமைப் பார்த்ததும் வைக்கோலில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"வாங்க, அறிவாளி. சங்கிலி சரியா இருக்கான்னு பார்க்க வந்தீங்களா?"

"நேத்து நீ ஏதோ சொல்ல வந்தே."

"நேத்து சொல்ல வந்தேன். இன்னிக்கு பல்லு வலிக்குது, பேச முடியல."

"வலியோட நல்லாவே பேசுறியே," என்றான் துர்சுன்.

வர்தான் அவன் பக்கம் திரும்பவில்லை. "என் தட்டுல இல்லாததைப் பார்த்தீங்க எஃபெந்தி. ஊரே மெச்சிக்கிச்சு. அவங்க தட்டுல இருக்கறதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். கொடி."

"கொடி! உங்க ஊர்ல திராட்சைக் கொடி எப்படி வளரும்? பழத்துக்குள்ள பூந்து அந்தப் பக்கமா வெளிய வருமா?"

நேற்று பெஹ்ராம் கொடி இருக்கிறதா இல்லையா என்று மட்டுமே பார்த்திருந்தான். அது எந்த வழியில் போகிறது என்று பார்க்கவில்லை. "ஹைதர்கிட்ட தட்டைக் கொடுத்தப்ப யாரு பார்த்தா?" என்று மட்டும் கேட்டான்.

"பின்வாசல்ல கொடுத்தேன். கம்பளியில சுத்தி. நாலு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கிட்டு, மேளம் அடிச்சு, சீனத்துத் தட்டைத் தூக்கிட்டுப் போக நான் என்ன கல்யாண ஊர்வலமா நடத்துனேன்?" சங்கிலியில் கிடந்தும், 'சீனத்து' என்ற இடத்தில் அவனுடைய குரல் தானாகத் தாழ்ந்தது.

"இப்பவாச்சும் சத்தமா சொல்லித் தொலையேன்."

"சொன்னா யாரு கேக்கப் போறா? நீங்களா?" வர்தான் தன் வலக் கையை விரித்துப் பார்த்தான். விரல் இடுக்குகளில் நீலம் இன்னும் ஏறியிருந்தது. "துடுப்பு இழுத்த கை ஒரு வருஷத்துல தூரிகை பிடிக்காது. விரல் மடங்கவே மடங்காது. என்னைக் கொன்னிருந்தாக்கூட உங்களை மன்னிச்சிருப்பேன். போங்க."

லாயத்தை விட்டு வெளியே வந்ததும் துர்சுன் பெருமூச்சு விட்டான். "ஊர்ல ஒருத்தன் பாக்கி இருந்தான், அவனும் சேர்ந்துட்டான்."

* * *

நிகாரின் பட்டறைக்குப் போகலாம் என்றது துர்சுன்தான். அவளுடைய தகப்பனார் ஷாபான் உஸ்தா ஊரிலேயே பேர்போனவர். அவர் இறந்தபின் பட்டறையை அவள் நடத்தினாள். ஹைதருக்குப் பயப்படாத பட்டறை ஊரில் ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்பது துர்சுனின் கணக்கு. வர்தானின் பெயரைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொள்ளும் என்பதை அவன் சொல்லவில்லை. அந்தப் பட்டறையில் வளர்ந்து, ஷாபான் உஸ்தா இறந்த வாரமே நல்ல தூரிகைக்காரர்களை அழைத்துக்கொண்டு தனிப் பட்டறை போட்டவன் வர்தான்.

உள்ளே ஒரு தூரிகைக்காரன் வெள்ளைத் தட்டொன்றை மடியில் வைத்திருந்தான். அதன்மேல், ஊசியால் நெருக்கமாகத் துளையிட்ட தாளை விரித்து, கரித்தூள் பொட்டலத்தால் தட்டித் தட்டி ஒற்றினான். தாளை எடுத்ததும் தட்டில் புள்ளிகள் வரிசையாகப் படிந்திருந்தன. அலைகள், இலைகள், மூன்று குலைத் திராட்சை. அவன் தூரிகையை நீலத்தில் தோய்த்துப் புள்ளிகளை இணைக்கத் தொடங்கினான். பெஹ்ராம் குனிந்தான். விளிம்பிலிருந்து புறப்பட்ட அந்த மெல்லிய கோடு அலையைக் குறுக்கே வெட்டியது. ஒரு திராட்சையின் நட்ட நடுவே புகுந்து மறுபக்கம் வெளியேறியது. தட்டின் மையத்துக்கு அருகில் இரண்டாகப் பிரிந்து, எதையும் பற்றிக்கொள்ளாமல் நின்றது. பார்க்க அழகாக இருக்கட்டுமென்று தூரிகைக்காரன் அதன் நுனியில் ஓர் இலையைச் சேர்த்தான்.

"இது ஏன் பழத்துக்குள்ள போகுது?"

"துளை அப்படித்தான் போகுது," என்றான் அவன், தலை நிமிராமல்.

"ஏன்னு நீ கேட்டதில்லையா?"

"இங்க யாரும் கேக்கறதில்ல."

"கொடியா இது? கறி குத்துற கம்பி," என்றான் துர்சுன். "கொத்தோட சுட்டுத் திங்க வேண்டியதுதான்."

உள்கட்டிலிருந்து நிகார் வந்தாள். முழங்கை வரை வெள்ளை. அவளுடைய கோபம் முதலில் இவர்கள்மேல் இல்லை. பின்னால் வந்த கிடங்கு வேலைக்காரன்மேல் இருந்தது. "பாதி மூட்டைக் கல்மாவை வச்சுக்கிட்டு நான் தட்டு செய்யறதா, பல்லு விளக்கறதா? போய்ச் சொல்லு உங்க தலைவர்கிட்ட. வசந்தத்துலேர்ந்து ஒரு தொட்டியை ஆணியடிச்சு மூடி வச்சுக்கிட்டு ஊருக்கெல்லாம் அளவு குறைக்கறாரு. கேட்டா பூச்சி விழுந்துடுச்சாம்! கல்மாவுல பூச்சி!"

"கல்லைத் தின்னுற பூச்சின்னா எனக்குச் சொந்தக்காரனாத்தான் இருப்பான்," என்றான் துர்சுன்.

அப்போதுதான் அவர்களைப் பார்த்தாள். "இந்த வாயை எங்க அப்பாவே வெளிய தள்ளினாரு. நான் வேற தள்ளணுமா?"

பெஹ்ராம் தாளைச் சுட்டினான். "நிகார் ஹாத்தூன், இந்த வடிவம் எங்கேர்ந்து வந்துச்சு?"

தூரிகை நின்றது. சக்கரமும் நின்றது. பட்டறையில் இருந்த அத்தனை பேரும் சுவரைப் பார்த்தார்கள்.

"எங்க அப்பா கை," என்றாள் நிகார்.

"உங்க அப்பா இறந்து மூணு வருஷம் ஆச்சு. தாள் புதுசா இருக்கு."

"தாள் கிழிஞ்சா வேற தாள்ல துளை போடுவோம். உங்க ஊர்ல கிழிஞ்சதையே கட்டிக்குவீங்களா?" கதவைக் கால்விரலால் தள்ளித் திறந்தாள். "வர்தானைக் காப்பாத்தணும்னு திடீர்னு என்ன கரிசனம்? நேத்து நீங்கதானே மாட்டி விட்டீங்க? நல்ல காரியம். அதைக் கெடுக்காதீங்க. வழி இது."

வழியில் காலை வைப்பதற்குள், பின்னாலிருந்து எவனோ எறிந்த ஈர மண்ணுருண்டை பெஹ்ராமின் அங்கியின் வலப்பக்கத்தில் வந்து அறைந்தது.

"இப்பதான் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு," என்றான் துர்சுன்.

* * *

நடுப்பகலுக்கு அதிக நேரம் இல்லை. கோட்டைச் சுவரையொட்டிய குடல் சூப்புக் கடைக்காரன் பெஹ்ராமைக் கண்டதும் அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றான்.

"சூப்பு தீர்ந்துடுச்சு."

"அண்டா கொதிக்குதே," என்றான் துர்சுன்.

"அது அண்டாவுக்கு."

துர்சுன் அவனைத் தள்ளிக்கொண்டு தானே கிண்ணத்தில் மொண்டான். பூண்டையும் காடியையும் தாராளமாக ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தான். கிண்ணம் காலியாகும் சமயத்தில்தான் கூச்சல் எழுந்தது. "டேய்! சூப்புல முடி கிடக்குடா!"

கடைக்காரன் தலைப்பாகையைக் கழற்றினான். உள்ளே வழவழவென்று வழுக்கை. "காட்டு பார்க்கலாம், எந்த இடத்துலேர்ந்து விழுந்துச்சு?"

"தாடியிலேர்ந்து விழுந்திருக்கும்!"

"தாடி நரைச்சது. அது கறுப்பு. உன் வாயிலேர்ந்து விழுந்திருக்கும், அதுலதான் எதை வேணாலும் வளர்க்கிறியே."

துர்சுன் கரண்டி நுனியால் அதைச் சுரண்டினான். வரவில்லை. நகத்தால் கிள்ளினான். அப்போதும் வரவில்லை. "பிடிவாதமான முடி எஃபெந்தி, உங்களை மாதிரி."

பெஹ்ராம் கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினான். விளிம்பிலிருந்து இறங்கிய மெல்லிய கருங்கோடு, கிண்ணத்தில் தீட்டியிருந்த பூவைக் குறுக்கே வெட்டிப் போய், அடியில் இரண்டாகப் பிரிந்து நின்றது. முடியில்லை, விரிசல். எத்தனையோ நாள் சூப்பின் எண்ணெய் அதற்குள் ஊறிக் கறுத்திருந்தது.

கிண்ணம் அவன் கையில் அப்படியே நின்றது. அலையை வெட்டிய கோடு. பழத்தைத் துளைத்த கோடு. எதையும் பற்றிக்கொள்ளாமல் முடிந்த கோடு. கொடி ஒன்றுதான் வளைந்து போக வழி தேடும். விரிசலுக்கு வழி தேவையில்லை.

"துர்சுன்," என்றான் மெதுவாக, "நேத்து நான் ஒரு மனுஷனைக் கப்பலுக்கு அனுப்பினது இந்த முடிக்காக."

"எஃபெந்தி, பசியில பேசாதீங்க."

"இந்தக் கிண்ணம் எனக்கு வேணும்," என்று பெஹ்ராம் கடைக்காரனிடம் திரும்பினான்.

"உடைஞ்ச கிண்ணம்னு சொல்லி ஏளனம் பண்ணவா?"

"இல்ல. இந்த ஊர்லயே உண்மை பேசுற பாத்திரம் இது ஒண்ணுதான்."

போகும் வழியில், நடையை விட்டு ஓட்டமும் சேர்ந்துகொண்ட வேகத்தில், பெஹ்ராம் அதை அவிழ்த்தான். வர்தான் கொடுத்தபோது தட்டு முழுசாக இருந்தது. அதனால்தான் அவன் வரைந்ததில் கோடு இல்லை. பிறகு அது கிடைத்தவன், தட்டின்மேல் எண்ணெய்த்தாளைப் போர்த்தி வடிவத்தை எடுக்கப் பார்த்திருக்கிறான். தாள் படிந்து ஒட்டுவதற்காகச் சூளை ஓரமாகச் சூடு காட்டியிருப்பான். தட்டு விரிசல் விட்டது. தாளின் எண்ணெய் அதில் இறங்கிக் கறுத்தது. எண்ணெய்த்தாள் வழியே பார்க்கிறவனுக்கு எல்லாக் கோடும் ஒன்றுதான். அதையும் சேர்த்துத் துளை போட்டுவிட்டான். அந்தத் தாளிலிருந்து அடுத்த தாள், அதிலிருந்து இன்னொன்று.

துர்சுன் மூச்சு வாங்க நின்றான். "ஊரே விரிசலை வரைஞ்சுக்கிட்டு இருக்கா? இத்தனை சூளைக்காரங்கள்ல ஒருத்தனுக்குக் கூடவா விரிசல் தெரியல?"

"தட்டை யாரு பார்த்தா? தாளைத்தான் பார்த்தாங்க. தாள் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்கக் கூடாதே."

"இதுலயும் எனக்கு ஒரு சந்தோஷம் எஃபெந்தி. என்னைத் துரத்தினவங்க எல்லாரும் இதுல இருக்காங்க." பிறகு அவன் முகம் சுருங்கியது. "ஆனா தாள் யாரு கொடுத்ததுன்னு யாரு வந்து சொல்லப் போறா? உங்க நிழலே உங்க பக்கம் நிக்காது இந்த ஊர்ல."

* * *

தொழுகை முடிந்துவிட்டிருந்தது. நீதிமன்ற முற்றத்து மரத்தடியில் நீதிபதி அமர்ந்திருந்தார். தூதன் சேணத்தை இறுக்கிக்கொண்டிருந்தான். வர்தானின் சங்கிலி அதில் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது. வேடிக்கை பார்ப்பதற்காகப் பட்டறைத் தலைவர்களான உஸ்தாக்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அவர்களின் நடுவே, இடுப்பில் கிடங்குச் சாவிகள் தொங்க, வெள்ளைத் தாடியைத் தடவியபடி ஹைதர். சற்றுத் தள்ளி, தனியாக, நிகார்.

"நேத்து ஒண்ணு சொன்னே, இன்னிக்கு ஒண்ணு சொல்றே," என்றார் நீதிபதி, பெஹ்ராம் முடிப்பதற்குள். "நாளைக்கு என்ன சொல்லுவே?"

"நாளைக்கு இவன் கையில துடுப்பு இருக்கும். அதனால இன்னிக்கே கேளுங்க. ஒரே ஒரு கேள்வி, எல்லார்கிட்டயும்."

நீதிபதி தூதனைப் பார்த்தார். தூதன் வானத்தைப் பார்த்தான். "வர்தானுக்கு அப்புறம் தட்டு வேற ஒருத்தர் கையில இருந்துச்சுன்னு இவங்கள்ல ஒருத்தர் சத்தியம் பண்ணிச் சொல்லட்டும். சங்கிலியை அவிழ்க்கறேன். இல்லன்னா குதிரை கிளம்பும். கேளு," என்றார் நீதிபதி.

பெஹ்ராம் சந்தைத் தட்டொன்றை உயர்த்தி, அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டினான். "ஹைதர் உஸ்தா, இந்தக் கொடி எங்கேர்ந்து வந்துச்சு?"

"எங்க அப்பா கை," என்றார் ஹைதர், ஒரு கணமும் தாமதிக்காமல்.

"இலியாஸ் உஸ்தா?"

"எங்க அப்பா கை."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். பின்னால் நின்றவன் கேட்பதற்கு முன்பே சொன்னான். முற்றத்தில் சிரிப்பு எழுந்தது.

பெஹ்ராம் சூப்புக் கிண்ணத்தைத் தட்டின் பக்கத்தில் வைத்தான். "நீங்க சூளைக்காரங்க. ரெண்டு கோட்டையும் பார்த்து, எது என்னன்னு சொல்லுங்க."

முன்வரிசை குனிந்தது. பின்வரிசை எட்டிப் பார்த்தது. சிரிப்பு அடங்கிய விதத்தைப் பார்த்தபோது பெஹ்ராமுக்குப் புரிந்தது: ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் கண்டுகொண்டார்கள். அலையை வெட்டுவதை, பழத்தைத் துளைப்பதை, அடியில் பிரிவதை. வாழ்நாளெல்லாம் சூளையிலிருந்து விரிசலை எடுத்து எறிந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இலியாஸின் காது சிவந்தது. வசந்தத்திலிருந்து அவர் அந்த விரிசலுக்கு இலை வைத்து, மொட்டு வைத்து விற்றிருந்தார்.

"உடைஞ்ச தட்டு ஒண்ணு உங்க எல்லாருக்கும் மூலமா இருந்திருக்கு," என்றான் பெஹ்ராம். "இல்லன்னா, விரிசலுக்கும் கொடிக்கும் வித்தியாசம் தெரியாத அப்பாக்கள்தான் உங்க எல்லாருக்கும் இருந்திருக்காங்க. எது உண்மை?"

"நாக்கை அறுங்கடா அவனுக்கு!" என்றது ஒரு குரல். மண்ணாங்கட்டி ஒன்று மரத்தில் பட்டுச் சிதறியது. துர்சுன் பெஹ்ராமின் முன்னால் வந்து நின்று, "அகலமான ஆளா நான் இருக்கேன், என்மேல எறிங்க, குறி தப்பாது," என்றான்.

ஹைதர் கையை உயர்த்தினார். கூட்டம் அடங்கியது. அவருடைய குரலில் நடுக்கமே இல்லை. "எங்க அப்பா கொடி இப்படித்தான் போட்டாரு. விரிசல் மாதிரி இருந்தா என்ன? அதுதான் எங்க ஊர் அழகு. அந்நியனுக்கு அது விளங்காது." பிறகு, திரும்பாமலேயே, "அப்படித்தானே இலியாஸ்?"

இலியாஸ் தட்டிலிருந்து கண்ணை எடுத்தார். "எங்க அப்பா கை."

அடுத்தவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதற்கடுத்தவரின் குரல் கேட்கவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. ஒவ்வொருவராகத் தத்தம் தகப்பனை மூடனாக்கிவிட்டு ஒதுங்கினார்கள். தன் பொறி இப்படித் திரும்பும் என்று பெஹ்ராம் நினைக்கவில்லை. அவமானம் இவர்களைப் பேச வைக்கும் என்று எண்ணினான். அது இன்னும் இறுக்கமாக வாயை மூட வைத்துவிட்டது. தூதன் ஒரு காலை அங்கவடியில் வைத்தான். சங்கிலி இழுபட்டு, வர்தான் ஓரடி முன்னால் தள்ளாடினான்.

"ஷாபான் உஸ்தாவோட மக இன்னும் சொல்லல," என்றார் நீதிபதி, கடனே என்று.

நிகார் முன்னால் வந்தாள். வந்தவள் முதலில் வர்தானின் காலடியில் துப்பினாள். "எங்க அப்பா குழி மண்ணு காயறதுக்குள்ள எங்க ஆளுங்களைக் கூட்டிட்டுப் போனவன் இவன். துடுப்பு இழுத்தே சாவட்டும்னுதான் இந்த நிமிஷம் வரைக்கும் நின்னேன்."

ஹைதர் புன்னகைத்தார்.

"ஆனா எங்க அப்பா," என்றாள். "சூளை திறந்ததும் ஒவ்வொரு தட்டையும் காதுகிட்ட வச்சுச் சுண்டுவாரு. மயிரிழை விரிசல் இருந்தாலும் அந்தச் சூட்டோட தரையில போட்டு உடைப்பாரு. அவரு உட்கார்ந்து விரிசலை வரைஞ்சாருன்னு நான் சத்தியம் பண்ணணுமா? அதுக்கு நான் வேற ஊருக்குப் போய்ப் பிச்சை எடுப்பேன். இது எங்க அப்பா கை இல்ல."

கூட்டம் ஹைதரின் பக்கம் திரும்பியது.

"நிகார்." ஹைதரின் குரல் இப்போது தாழ்ந்திருந்தது. "நாளைக்கும் உன் பட்டறைக்குக் கல்மாவு வேணும். யோசிச்சுப் பேசு."

"பாதி மூட்டைக்கு எவ்வளவு யோசிக்கணுமோ அவ்வளவு யோசிச்சுட்டேன் உஸ்தா. தாள் உங்க கையாலதான் எனக்கு வந்துச்சு. வசந்தத்துல, பின்வாசல்ல. இவங்களுக்கும் அப்படித்தான் வந்துச்சு. நான் கேக்கல, இவங்களும் கேக்கல."

"பொம்பளை சாட்சி அரை சாட்சி," என்றார் ஹைதர், நீதிபதியைப் பார்த்து.

"அரையாவே இருக்கட்டும். மீதி அரை நீங்க ஆணியடிச்சு வச்சிருக்கீங்களே, அந்தத் தொட்டிக்குள்ள உடைஞ்ச தட்டாக் கிடக்கும். பூச்சி அரிக்கறதுக்குள்ள தோண்டிப் பார்க்கச் சொல்லுங்க."

ஹைதரின் கை இடுப்புச் சாவிகளின் மேல் போய் விழுந்தது. அவரே அதை அறிந்திருக்கமாட்டார். ஆனால் நீதிபதி பார்த்தார். அவர் விரலை அசைக்க, இரண்டு காவலர்கள் வந்து அந்தக் கையை விலக்கிச் சாவிகளை அவிழ்த்தார்கள். தூதன் அங்கவடியிலிருந்து காலை எடுத்தான். சேணத்தில் கட்டியிருந்த சங்கிலி தளர்ந்து தரையில் விழுந்த ஓசை முற்றம் முழுவதும் கேட்டது.

"கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல," என்றார் நீதிபதி. "அப்பா கை இல்லன்னா, இந்த வடிவம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"வேண்டாம்மா," என்றார் இலியாஸ், ஏறக்குறையக் கெஞ்சலாக. "அதை மட்டும் சொல்லிடாதே."

நிகார் பெஹ்ராமின் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினாள். மதிலுக்கு வெளியே தெருவில் நின்றவர்களுக்கும் தெரியும்படி தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள்.

"சீனத்திலேர்ந்து வந்துச்சு!" என்றாள். "அலையும் சீனத்துக்காரன் கை. திராட்சையும் அவன் கைதான். விரிசல் மட்டும்தான் நம்ம ஊர் வேலை."